மனசு இருந்துச்சு, கண்ணுதான் சொக்குச்சு

நடுவர் அய்யாவுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நர்ஸ், டாக்டரோட வேலைத்திறனை முடிவு பண்றது மனசா, வேலைச்சூழலாங்கறதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் ஒண்ணு சொல்லி கைதட்டு வாங்கிட்டுப் போனாரு: "சேவை மனசு இருந்தா தூக்கம் தானா ஓடிடும், இல்லாதவங்களுக்குத்தான் டியூட்டி நேரம் ஒரு சாக்கு." அண்ணே, இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உக்காந்துடறேன்.

எங்க அப்பா வார்டுல படுத்திருந்த ராத்திரி, மணி மூணு. ஊசி போட வந்த சிஸ்டர் ட்ரேல இருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தாங்க, வெளிச்சத்துக்குக் கீழ புடிச்சு, சின்னப் புள்ளைங்க விரல் வச்சுப் படிக்குமே, அந்த மாதிரி ஒவ்வொரு எழுத்தா படிச்சாங்க. உதடு அசையுது. மறுபடி முதல்ல இருந்து படிக்கிறாங்க. எனக்குக் கோவம், "என்ன சிஸ்டர், எழுத்துக்கூட்டியா படிக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டேன். திரும்பிக்கூட பார்க்கல. "காலைல ஏழு மணிக்கு வந்தேங்க, மாத்திவிட ஆள் வரல, எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது, அதான் விரல் வச்சுப் படிக்கிறேன்"னாங்க. சொல்லிட்டு அந்தக் குப்பியை ட்ரேலயே வச்சுட்டு பக்கத்துல இருந்ததை எடுத்தாங்க. நல்லா கேளுங்க, வச்சுட்டு வேற எடுத்தாங்க! நான் எட்டிப் பார்த்தேன், வச்ச குப்பில பொட்டாசியம் குளோரைடுன்னு இருந்துச்சு. கலக்காம நேரா நரம்புல ஏத்துனா இதயமே நின்னுடும்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டு குப்பியும் பார்க்க ஒரே மாதிரி, கிடந்ததும் ஒரே ட்ரேல.

இப்போ சொல்லுங்கண்ணே, அந்த சிஸ்டருக்கு மனசு இல்லையா? மனசு இருந்ததாலதான் விரல் வச்சாங்க. ஆனா இருபது மணி நேரம் முழிச்ச கண்ணுக்கு மனசு என்னண்ணே பண்ணும்? தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற ஆள் அளவுக்குத் தடுமாறுவாங்கன்னு 1997லயே ஆய்வு வந்தாச்சு. குடிச்சவன் கையில வண்டிச் சாவி குடுக்க மாட்டோம், ஊசியை மட்டும் குடுப்போமா? 2002ல லிண்டா எய்கன்ங்கற நர்சிங் ஆய்வாளரோட குழு அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளைப் பார்த்துட்டு சொன்னாங்க, ஒரு நர்ஸ் தலையில ஒரு நோயாளி கூடினா ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள்ள சாகற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு. அந்த நர்ஸுங்க எல்லாம் மனசை வீட்டுல வச்சுட்டா வந்தாங்க?

விடியறப்போ அந்த சிஸ்டர் ஸ்டூல்ல உக்காந்து ஷூவைக் கழட்டுனாங்க, காலு வீங்கி சாக்ஸோட தடம் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. மறுபடி மாட்டிக்கிட்டு எழுந்து வந்து எங்க அப்பா நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, "ராத்திரி தூங்குனீங்களாப்பா?"ன்னு கேட்டாங்க. நீங்க தூங்குனீங்களாம்மான்னு திருப்பிக் கேக்க எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தோணல, நடுவர் அவர்களே.