இலவச உயரத் தரவை வைத்து தோட்டத்துக்கு மண் வரைபடம் போடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்திருக்கு, வாசிச்சிடுறேன். "200 ஹெக்டேயர் தேயிலைத் தோட்டத்துக்கு மண் வரைபடம் போடணும். இலவச உயரத் தரவ இறக்கி சரிவு பாத்தா, தோட்டம் முழுக்க 89 பாகைன்னு காட்டுது. 30 மீற்றர் தரவ விட்டுட்டு 12.5 மீற்றர் தரவுக்குப் போகவா? எத்தனை இடத்துல தோண்டணும்?"

89 பாகைய முதல்ல முடிச்சிருவோம். இறக்கின கோப்புல உயரம் மீற்றர்ல இருக்கு, ஆனா இடத்தைக் குறிக்கிற அகலாங்கும் நெட்டாங்கும் பாகையில இருக்கு. ஒரு கட்டத்தோட அகலம் 0.00028 பாகை. மென்பொருள் அதையும் மீற்றர்னு நெனச்சிக்கிட்டு வகுத்தா, ஒரு மீற்றர் ஏத்தம்கூட செங்குத்துச் சுவராத்தான் தெரியும். அதனால எதையும் கணக்குப் போடுறதுக்கு முன்னாடி தரவ மீற்றர்ல அளக்கிற இலங்கைக் கட்டமைப்புக்கு மாத்துங்க. கியூஜிஐஎஸ்ங்கிற இலவச வரைபட மென்பொருள்ல 5235ன்னு தேடினா வரும். உலகப் பொது மீற்றர் கட்டமைப்பான யூடிஎம் 44 வடக்கு, அதாவது 32644, அதுவும் பரவாயில்ல. மாத்தும்போது "அருகிலுள்ள கட்டம்"னு தானா நிக்கிற தெரிவை விட்டுட்டு "பைலீனியர்" எடுங்க. இல்லன்னா சில வரிசை ரெட்டிச்சு, சரிவு வரைபடத்துல கோடு கோடா விழும். அப்புறம், பழைய இலங்கைக் கட்டமைப்போட தொடக்க எண்கள் 200,000. 1999 கட்டமைப்புக்கு 500,000. தோட்டத்து ஆபீஸ்ல இருக்கிற பழைய வரைபடத்துல உள்ள எண்ண புதுசுல போட்டீங்கன்னா, உங்க தோட்டம் மேற்கே 300, தெற்கே 300 கிலோமீற்றர் தள்ளி கடல்ல போய் விழும். அப்படி விழுந்தா நல்லது, உடனே தெரிஞ்சிரும்.

இனி 12.5 மீற்றர். ஆலோஸ் பால்சார்ங்கிற ஜப்பான் செய்மதி ராடர் பேர்ல வர்ற அந்தக் கோப்பு நம்ம நாட்டுக்குப் புதுசா அளந்த உயரம் இல்ல. ராடர் படத்தைத் திருத்துறதுக்காக, எஸ்ஆர்டிஎம்ங்கிற பழைய 30 மீற்றர் தரவையே சின்னக் கட்டமா வெட்டி வச்சது. புதுத் தகவல் ஒரு துளியும் கிடையாது. இன்னொன்னு, அதுல உயரம் கடல்மட்டத்துலயிருந்து இல்ல, பூமியோட உருவத்துக்குப் பதிலா வச்ச கணித நீள்கோளத்துலயிருந்து. இலங்கையில இந்த ரெண்டுக்கும் நூறு மீற்றருக்குக் கிட்ட வித்தியாசம் இருக்கு, அதனால பிதுருதலாகலையே 2524 மீற்றர்லயிருந்து அவ்வளவு குறைஞ்சு தெரியும். சரிவுக் கணக்குக்கு அது பாதிப்பில்ல, உயரத்தையே காரணியா வைக்கிறவங்களும் வேற தரவோட ஒட்டுறவங்களும் மாட்டிக்குவாங்க.

நான் சொல்றது கொப்பர்னிக்கஸ்ங்கிற ஐரோப்பிய இலவச 30 மீற்றர் தரவு. எஸ்ஆர்டிஎம் 2000 பெப்ரவரியில விண்வெளி ஓடத்துலயிருந்து பதினொரு நாள்ல அளந்தது. மேல் கொத்மலை நீர்த்தேக்கம் வந்தது 2012ல. உங்க தலவாக்கலையில இப்ப தண்ணி நிக்கிற இடம் அந்தத் தரவுல இன்னும் பள்ளத்தாக்காத்தான் இருக்கும். கொப்பர்னிக்கஸ் 2011லயிருந்து 2015க்குள்ள எடுத்தது, தண்ணியத் தட்டையாக் காட்டும். ஆனா எந்த ஊர் ராடர் தரவானாலும் தரையப் பாக்கிறதில்ல, மரத்தோட தலையத்தான் பாக்குது. தேயிலை இடுப்பளவுதானே, அது பிரச்சினையில்ல. சவுக்கு அடர்த்தியா நின்னா கொஞ்சம் ஏத்திக் காட்டும். டர்பன்டைன், அதாவது யூகலிப்டஸ் காடு இருக்கு பாருங்க, அதுதான் வில்லங்கம். 30 மீற்றர் உயரத்துக்கு நிக்கிற காட்டோட ஓரம், தரவுல ஒரு பாறைச் சரிவு மாதிரி தெரியும். "மேல முகடு, கீழ பள்ளம்"னு, மண்ணை ஊகிக்கிற கணினி மொடல் அதை நம்பிடும். செய்மதிப் படத்தை மேல போட்டு, அந்தக் காட்டோட எல்லைய வரைஞ்சு, அந்த ஓரத்துல ரெண்டு கட்ட அகலத்தை கணக்குலயிருந்து எடுத்துருங்க.

நில அளவைத் திணைக்களத்து 1:10,000 சமவுயரக் கோடு கையில இருந்தா அது இன்னும் நல்லது, அது தரையக் காட்டுறது. ஆனா கோட்டை முக்கோண வலையாக் கட்டி உயரமாக்கினா படிப்படியா வந்துரும். சோதிக்க ஒரு வழி: எந்த உயரத்துல எத்தனை கட்டம் இருக்குன்னு காட்டுற ஹிஸ்டோகிராம் போடுங்க. கோடு போகிற உயரத்துல எல்லாம் ஊசி மாதிரி நட்டுக்கிட்டு நின்னா, அதுல சரிவு எடுக்காதீங்க. ஓடையையும் சேத்துக் கணக்குல எடுக்கிற முறையில திரும்ப உருவாக்குங்க.

அடுத்து, எதையெல்லாம் கணக்கிடணும்னு. உயரத் தரவுக்கு மண் தெரியாது. தண்ணி எந்தப் பக்கம் போகும், மேல இருக்கிறது எங்க வந்து குவியும், அதுதான் தெரியும். அதனால நாலஞ்சு காரணி போதும்: சரிவு, சரிவுக்குக் குறுக்கால உள்ள வளைவு, சரிவு நெடுக உள்ள வளைவு, தண்ணி எங்க தேங்கும்னு சொல்ற ஈரச் சுட்டெண், முகடா பள்ளமான்னு சொல்ற நிலைச் சுட்டெண். வளைவு எடுக்கிறதுக்கு முன்னாடி 3க்கு 3 சராசரி வடி போட்டு ஒரு தடவை மென்மையாக்குங்க. வளைவு சின்ன இரைச்சலையும் பெருசாக்கிக் காட்டும். ஈரச் சுட்டெண் 1979ல பெவன், கேர்க்பிங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் கொடுத்தது: ஒரு மீற்றர் அகலத்துக்கு மேலயிருந்து வடியிற பரப்பை சரிவோட டான்ஜெண்டால வகுத்து, மடக்கை எடுக்கணும். சாகாங்கிற இலவச மென்பொருள்ல இருக்கு. அதுக்கு முதல் தரவுப் பிழையால வர்ற போலிக் குழிகள நிரப்பணும், ஆனா நிரப்பின தரவ ஈரச் சுட்டெண்ணுக்கு மட்டும் வச்சிக்குங்க. சரிவும் வளைவும் நிரப்பாத தரவுலயே எடுங்க, இல்லன்னா பள்ளமெல்லாம் மேசை மாதிரி ஆகிடும். நீர்த்தேக்கத்துல சரிவு பூச்சியம், பூச்சியத்தால வகுக்க முடியாது, வெட்டி ஒதுக்கிருங்க. நிலைச் சுட்டெண்ணுக்கு ஆரம், முகட்டுலயிருந்து ஓடை வரைக்கும் உள்ள தூரத்துல பாதி. அதைவிடச் சின்னதா வச்சா ஒவ்வொரு மேட்டையும் முகடுங்கும்.

சரிவுத் திசை பத்தி எப்பவும் கேக்கிறாங்க. வெளிநாட்டுப் பாடப் புத்தகத்துல வடக்குச் சரிவு குளிர்ச்சி, தெற்குச் சரிவு வரட்சின்னு வரும். நாம 7 பாகையில இருக்கோம், சூரியன் உச்சிக்கு வந்துட்டுப் போகுது. இங்க திசை வேலை செய்யிறது வெயிலால இல்ல, மழையாலயும் காத்தாலயும். தென்மேற்குப் பருவத்துல ஹட்டன், மஸ்கெலியா பக்கம் நனையும், ஊவா காயும். வடகீழ்ப் பருவத்துல ஊவா நனையும். அதனால முகட்டுக்கு இந்தப் பக்கத்துல மண் பாக்கத் தோண்டின குழிகள வச்சு அந்தப் பக்கத்துக்கு வரைபடம் போடாதீங்க. திசைய எண்ணா நேரடியாப் போடுறதும் தப்பு. 359ம் 1ம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, சராசரி 180ன்னு தெற்கு வரும். சைன், கோசைனா மாத்திப் போடுங்க.

தோண்டுறது. 200 ஹெக்டேயர்ல சுமார் 2,200 கட்டம் வரும், 40லயிருந்து 60 இடம் போதும். ஒரே வழியில போய் வசதியான இடத்துல தோண்டாதீங்க. காரணிகள் எல்லா அளவுலயும் புள்ளி விழுற மாதிரி லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில தெரிவு பண்ணுங்க. கூடவே மேலயிருந்து கீழ வரைக்கும் மூணு நாலு கோட்டுல தோண்டுங்க: முகடு, தோள், நடுச் சரிவு, அடிவாரம், ஓடைக்கரை, ஒரு கோட்டுக்கு அஞ்சு. நம்ம பக்கத்துல வழக்கமா, முகட்டுல சரளையோட ஆழம் குறைஞ்ச மண், நேரான நடுச் சரிவுல சிவப்பு மஞ்சள் பொட்சோலிக்ங்கிற மண், குழிவுல மேலயிருந்து வந்து சேர்ந்த ஆழமான கருமண், ஓடைக்கரையில சாம்பல் நிறத்துல துரு புள்ளி. குவார்ட்சைட்ங்கிற கடினப் பாறை முகடு குறுக்க வந்தா இந்த ஒழுங்கு அங்க உடையும், அது உயரத் தரவுல தெரியாது. புவியியல் வரைபடத்தைப் பக்கத்துல வச்சிக்குங்க.

ஆழம் பாக்கிறப்போ கவனம். சார்னொகைட் பாறை உருண்டை உருண்டையா சிதையும், அந்த உருண்டை மண்ணுக்குள்ளயே நிக்கும். துளைக்கருவி 40 சென்ரிமீற்றர்ல "டங்"குன்னு நின்னா அது அடிப்பாறைன்னு எழுதிராதீங்க. ரெண்டு மீற்றர் வட்டத்துக்குள்ள மூணு தடவை இறக்குங்க, ஆகக் கூடின ஆழத்த எழுதுங்க. 120 சென்ரிமீற்றர் வரைக்கும் இறங்கிட்டா "120க்கு மேல"ன்னு தனியாக் குறிங்க, 120ன்னு போட்டா மொடல் அதை உண்மை ஆழம்னு எடுத்துக்கும். உரம் போட்ட இடத்தைத் தவிர்த்து செடி வரிசைக்கு நடுவுல எடுங்க.

எதை ஊகிக்கலாம், எதை முடியாது? ஆழம், மேல்மண் தடிப்பு, சரளை, வடிகால், ஓரளவுக்கு சேதனப் பொருள், இதெல்லாம் தரைவடிவோட போகும். பீஎச்சும் பொட்டாசியமும் போகாது. அதைத் தீர்மானிக்கிறது எந்த மலைக்கு (தோட்டத்துல நம்பர் போட்டுப் பிரிச்ச தேயிலைத் துண்டு) எப்ப டொலமைட் போட்டாங்க, எவ்வளவு யூரியா போட்டாங்கங்கிற பதிவேடு. 8ஆம் நம்பர் மலைக்கும் 9ஆம் நம்பர் மலைக்கும் சரிவு ஒன்னா இருந்தும் பீஎச் வேற வேற இருக்கிறது அதனாலதான். பழைய தேயிலையில குறுக்குக் கான், அதாவது சரிவுக்குக் குறுக்கால ஓடுற வடிகால், எங்க வெட்டியிருக்கு, எத்தனை தடவை மறுநடுகை நடந்துச்சுங்கிறதும் இப்படித்தான். கான் தண்ணிய வேற பக்கம் திருப்பிவிடுது, 30 மீற்றர் கட்டத்துக்கு அது கண்ணுல படாது. கான் வரைபடம் தோட்டத்து ஆபீஸ்ல இருக்கும், கேட்டு வாங்குங்க.

மொடலுக்கு, நிறைய முடிவு மரங்களச் சேத்து ஊகிக்கிற ரேண்டம் ஃபொரெஸ்ட் முறைய போடுங்க, கூடவே சாதாரண நேர்கோட்டுத் தொடர்பும் போட்டுப் பாருங்க. 50 புள்ளியில பல நேரம் ரெண்டும் ஒன்னுதான். சரி பாக்கிறப்போ புள்ளிகள கண்டபடி பிரிச்சா பக்கத்துப் புள்ளி விடைய சொல்லிக் கொடுத்துரும், முடிவு அழகா வரும், அது பொய். ஒரு முழுக் கோட்டை வெளிய எடுத்து வச்சுட்டு மத்ததுல பழக்கி, அந்தக் கோட்டை ஊகிக்கச் சொல்லுங்க.

ஆழமான குழிவு மண்ணப் பாத்ததும் நல்ல மண்ணுன்னு அங்க கானை மாத்தி வெட்டிராதீங்க. அப்படிக் குவிஞ்ச மண் பல இடத்துல பழைய மண்சரிவோட மிச்சம். கொஸ்லந்தை மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29ல சரிஞ்சதும் தேயிலைச் சரிவுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட 1:10,000 மண்சரிவு அபாய வரைபடத்தை உங்க மண் வரைபடத்து மேல போட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவெடுங்க.

கடைசியா, அச்சடிக்கிற அளவு. 30 மீற்றர் தரவுல வந்த வரைபடம் 1:60,000க்குத்தான் தாங்கும், கொஞ்சம் இழுத்தா 1:50,000. பத்து ஏக்கர் மலையில மொத்தமே 45 கட்டம்தான் இருக்கு, அதைப் பெருப்பிச்சு "இந்த வரிசையில தோண்டு, அந்த வரிசைய விடு"ன்னு வேலையாட்களுக்குச் சொல்ல முடியாது. அந்த அளவுக்கு வேணும்னா ட்ரோன்ல எடுக்கணும், கவ்வாத்து முடிஞ்ச கையோட எடுங்க, அப்பத்தான் இலைமட்டம் போய் தரை தெரியும்.