இம்போர்ட்டுக்கு மேலே ஒரு வரி

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் என் மாடி அறையிலிருந்து பேசுகிறேன். கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்த மனம் வரவில்லை. அதன் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ மாடல்களை இறக்கி இயக்க உதவும் ஹக்கிங் ஃபேஸின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் லைப்ரரி, நாம் வேறு இடம் சொல்லாதவரை, இறக்கும் மாடல்களையெல்லாம் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கேஷ் ஃபோல்டரிலேயே சேர்த்துவைக்கும். என் லேப்டாப்பில் இடம் குறைவு என்பதால், வெளி ஹார்ட் டிஸ்க்கைக் காட்டும்படி ஒரு சூழல் மாறியை, அதாவது நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பான என்விரான்மென்ட் வேரியபிளை, பைதான் நிரலுக்குள்ளேயே அமைத்தேன். அதன் பெயரைத் திரையில் பாருங்கள்: எச், எஃப், அடிக்கோடு, ஹோம், எல்லாம் பெரிய எழுத்து. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. மாடல் மட்டும் பழைய இடத்திலேயே போய் இறங்கியது.

இப்போது வரி எண்களைக் கவனியுங்கள். முதல் வரியில், லைப்ரரியை நிரலுக்குள் கொண்டுவரும் இம்போர்ட்; ஐந்தாம் வரியில் நான் எழுதிய அமைப்பு. இந்த லைப்ரரி தான் இம்போர்ட் ஆகும்போதே அந்த மாறியை ஒருமுறை படித்துத் தன்னிடம் குறித்துக்கொள்கிறது; அதன்பின் நாம் எதை மாற்றினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. காட்பாடியில் வண்டி கிளம்பிய பிறகு டிக்கெட் கவுன்ட்டரில் நின்றவன் கதைதான் என் கதை. ஐந்தாம் வரியை இம்போர்ட்டுக்கு மேலே ஏற்றியதும் வெளி டிஸ்க்கின் விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஜூபிட்டர் நோட்புக்கில் எழுதுபவர்கள் வரியை இடம் மாற்றினால் மட்டும் போதாது, நிரலை இயக்கிக்கொண்டிருக்கும் கெர்னலையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) லைப்ரரி எத்தனை திரெட்டுகளில், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் எத்தனை இழைகளில், கணக்கிட வேண்டும் என்று சொல்லும் மாறிகளையும் இம்போர்ட்டுக்கு முன்பே வைத்துவிடுங்கள்.

நிரலைத் தொடங்கும் முன்பே டெர்மினலில் எக்ஸ்போர்ட் கட்டளையால் மாறியை அமைத்தால் இந்த வரிசைச் சிக்கலே எழாது. ஆனால் அந்த மதிப்பு அதே டெர்மினலிலிருந்து தொடங்கும் நிரல்களுக்கு மட்டுமே போய்ச்சேரும், பக்கத்தில் திறந்திருக்கும் இன்னொரு டெர்மினலுக்கு அது தெரியாது. இன்னொன்று, சூழல் மாறியின் மதிப்பு எப்போதும் வெறும் எழுத்துச்சரம்தான். 'ஃபால்ஸ்' என்று எழுதி, அதை, உண்மையா பொய்யா என்று சொல்லும் பைதானின் பூல் ஃபங்ஷனிடம் அப்படியே கொடுத்தால், சரம் காலியாக இல்லை என்பதற்காகவே அது 'ட்ரூ' என்று சொல்லும்.

மாறியை பிரின்ட் செய்து பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். நானும் அதை நம்பித்தான் ஒரு மாலையை வீணாக்கினேன். நீங்கள் பார்ப்பது சூழலில் இப்போது உள்ள மதிப்பு. லைப்ரரி அன்று குறித்துக்கொண்டது வேறு. மாடல்களை இறக்க டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பயன்படுத்தும் ஹக்கிங் ஃபேஸ் ஹப் லைப்ரரியின் கான்ஸ்டன்ட்ஸ் மாட்யூலில் இதே பெயரில் ஒரு மதிப்பு இருக்கிறது. அதை பிரின்ட் செய்யுங்கள். மாடல் எங்கே இறங்கப்போகிறது என்பதை அதுதான் சொல்லும்.