பாதி எட்டு என்றால் ஏழரை

அவையோருக்கு வணக்கம். நெதர்லாந்தின் இந்த ஐந்தோவன் நகருக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் இன்று நிறையத் தெரிகின்றன. உங்களை மனதில் வைத்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். இந்த நாட்டின் குளிர், மழை, சைக்கிள் எல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் காதுக்கு வந்திருக்கும். கடிகாரத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டச்சுக்காரர் ‘ஹால்ஃப் அஹ்த்’ என்று நேரம் சொல்வார். அப்படியே எடுத்தால் ‘பாதி எட்டு’. நம் மனம் உடனே எட்டரை என்று குறித்துக்கொள்ளும். அவர் சொன்னதோ ஏழரை. எட்டாவது மணியில் பாதி ஓடிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. ஆங்கிலத்தில் பேசும்போதும் சிலருக்கு அதே பழக்கம் வாயில் வந்துவிடும். விருந்துக்கு அழைத்தவர் ஏழரைக்குச் சூப்பைச் சுட வைத்துக் காத்திருப்பார், நம் ஆள் அப்போதுதான் சட்டைக்கு இஸ்திரி போடுவார். 7.20ஐ எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? ‘பாதி எட்டுக்குப் பத்து முன்னால்’. 7.35 என்றால் ‘பாதி எட்டைத் தாண்டி ஐந்து’. எண்களும் இப்படித்தான். 24ஐ ‘நான்கும் இருபதும்’ என்பார்கள். காதில் முதலில் விழுவது 4, தாளில் முதலில் எழுத வேண்டியது 2. டச்சுக்காரர் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லத் தொடங்கினால், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இங்கே கேட்பது கௌரவக் குறைவே இல்லை.

அப்புறம் பிறந்தநாள். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள் என்று போவீர்கள். பையனை வாழ்த்திவிட்டு உட்கார முடியாது. அவன் அப்பாவுக்குக் கை கொடுத்து ‘கெஃபெலிசிதேர்த்’, அம்மாவுக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. வாழ்த்துகள் என்பதுதான் அதற்குப் பொருள். ‘உங்கள் பேரன் பிறந்ததற்கு உங்களுக்கு வாழ்த்து’ என்று தாத்தாவைப் பார்த்துச் சொல்வது முதலில் விசித்திரமாகப் படும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நியாயம்! வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கைக்கு வரும். அந்த வீட்டுக் கழிப்பறைக்குள் போனால் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் கிழமை இருக்காது, ஆண்டு இருக்காது. உற்றார் உறவினரின் பிறந்தநாள்கள் மட்டும் எழுதியிருக்கும். தினமும் கண்ணில் படுகிற இடம் அதைவிட வேறு எது? உங்கள் பெயர் ஒரு டச்சு வீட்டின் அந்தச் சுவரில் ஏறிவிட்டால், அவர்கள் மனதிலும் ஏறிவிட்டீர்கள் என்று தாராளமாகச் சந்தோஷப்படலாம்.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் ரஸ்க் போன்ற வட்ட ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே ‘மௌஷெஸ்’ தூவிக் கொடுப்பார்கள். நம் ஓட்டல்களில் சாப்பாட்டுக்குப் பின் வைக்கும் சர்க்கரை பூசிய சோம்புதான் அதற்குச் சரியான உறவு. பெண் என்றால் இளஞ்சிவப்பு, ஆண் என்றால் நீலம், இரண்டிலும் வெள்ளை கலந்திருக்கும். 1938இல் இளவரசி பெயாட்ரிக்ஸ் பிறந்தபோது அரச குடும்பத்தின் நிறமான ஆரஞ்சில் செய்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு ட்ராமில் இன்னோர் ஆச்சரியமும் காத்திருக்கிறது. அலுவலகத்தை டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத் தமிழின் ‘கந்தோர்’ போலவே சொல்வார்கள். மேசை இழுப்பறையும் ஏறக்குறைய யாழ்ப்பாணத்து ‘லாச்சி’தான். 1658 முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தை ஆண்டபோது விட்டுப்போன சொற்கள் அவை. நம் பாட்டிமார் பேசிய சொல்லை ரோட்டர்டாமில் பொன்னிற முடிக்காரர் ஒருவர் சொல்லக் கேட்பது எனக்கு இன்னும் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது.

இனி, நம்மவர்கள் மனம் நோகும் இடத்துக்கு வருகிறேன். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். மரியாதைக்கு ‘வேண்டாம்’ என்பீர்கள். சரி என்று விட்டுவிடுவார்கள், இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். கஞ்சத்தனம் என்று அதை நினைக்காதீர்கள். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது, அவர் பேச்சை நம்பாததற்குச் சமம் என்று நினைக்கிறவர்கள் இவர்கள். வேலையிடத்திலும் அப்படியே. ‘இந்தப் பகுதி சரியில்லை’ என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வார்கள். பத்து நிமிடம் கழித்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றபடி விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று விசாரிப்பார்கள். குறை சொன்னது வேலையைத்தான், உங்களை அல்ல. நாம்தான் முடியாது என்பதற்கும் ‘பார்க்கலாம்’ என்போம். அவர்கள் அதை நம்பி நிஜமாகவே காத்திருப்பார்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிப் பழகுங்கள், உறவு கெடாது.

பெரிய பதவியில் இருப்பவரும் இங்கே சாதாரணமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். 2018இல், அப்போது பிரதமராக இருந்த மார்க் ருட்டே கையிலிருந்த காப்பியைத் தவறவிட்டார். துடைப்பத்தை வாங்கித் தரையைத் தானே துடைத்தார். துப்புரவுப் பணியாளர்கள் சுற்றி நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தக் காட்சியை நான் நம் ஊர் நண்பர்கள் பலருக்கும் காட்டியிருக்கிறேன்.

கடைசியாக, பெற்றோருக்கு. நீச்சல் குளத்தில் நடக்கும் பிறந்தநாளுக்கு உங்கள் குழந்தையை அழைப்பவர்கள், ‘டிப்ளோமா இருக்கிறதா?’ என்று நேராகக் கேட்பார்கள். இங்கே நீச்சலுக்கு ஏ, பி, சி என்று சான்றிதழ்கள் உண்டு. தேர்வன்று பிள்ளைகள் சட்டை, செருப்போடு தண்ணீரில் குதிப்பார்கள். பார்க்கிற நம் அம்மாக்களுக்குப் பதறும். ஆனால் இந்த நாட்டில் நிலத்தில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, தெருவுக்குத் தெரு வாய்க்கால். அதில் விழுகிற குழந்தை நீச்சலுடையோடு விழப்போவதில்லை. ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பல ஊர்களில் நீச்சல் வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். பிள்ளைக்கு நான்கு வயதாகும்போதே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள்.