மக்கு இல்லாமல் தங்கம் ஒட்டாது

நடுவர் ஐயா அவர்களே, தீர்ப்பு கையில் வந்துவிட்டது போல நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, குடமுருட்டி ஆற்றுக் காற்றுக்காகக் கொசுவையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஊர்க் கலைப்பட்டறைகள் பெரிதும் வளர்ப்பது தனிமனிதத் தன்னம்பிக்கையையா, ஊரின் ஒட்டுறவையா?' இதுதான் தலைப்பு. நாங்கள் ஒட்டுறவின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் மூன்று கணை விட்டார். கூச்சப்படுகிறவன் எப்படி நாலு பேரோடு பழகுவான், முதலில் தன்னம்பிக்கைதானே வேண்டும் என்றார். தானே ஒன்றைச் செய்து முடித்தால்தான் நம்பிக்கை பிறக்கும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-லேயே சொல்லிவிட்டார் என்றார். பிரிட்டனில் ஃபிரான்சுவா மாடராசோ 1997-ல் வெளியிட்ட ஆய்வில், கலைத்திட்டங்களில் பங்கெடுத்தவர்களில் 84 சதவீதம் பேர் தன்னம்பிக்கை கூடியதாகச் சொன்னார்கள் என்று முடித்தார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

கடைசிக் கணையிலிருந்து வருகிறேன். அம்மா, நீங்கள் 84-ஐப் பார்த்த அதே ஆய்வில் 91-ம் இருக்கிறதே? புதிய நண்பர்கள் கிடைத்தார்கள் என்று சொன்னவர்கள் 91 சதவீதம். கத்தரிக்காயைப் புரட்டாமல் வாங்கினால் இப்படித்தான். ஆனால் அந்த 91-ஐ வைத்து நான் ஜெயிக்கப் போவதில்லை. பட்டறைக்கு வருமுன் அந்த மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று அளந்து வைக்காத ஆய்வு அது என்று பாவோலா மெர்லி 2002-ல் குறை சொன்னார். நியாயமான குறை. போன வருஷம் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை நெல் என்றே தெரியாமல் இந்த வருஷம் விளைச்சல் கூடியது என்றால் ஊரில் யார் நம்புவார்? ஆகவே 84-ம் வேண்டாம், 91-ம் வேண்டாம். பட்டறை நடக்கும் தரையில் இறங்கிப் பார்ப்போம்.

முதலில் பாண்டுரா. தன்னம்பிக்கைக்கு அவர் சொன்ன ஊற்றுக்கண் நான்கு. அம்மையார் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றை வாய்க்காலில் விட்டுவிட்டார். தானே செய்து முடிப்பது ஒன்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இன்னொன்று. பிறர் தரும் ஊக்கச் சொல் மூன்றாவது. உடம்பின் படபடப்போ நிதானமோ நான்காவது. நடுவில் உள்ள இரண்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமே ஐயா! அதிலும் 'தன்னைப் போன்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். தஞ்சாவூரிலிருந்து பெயர்பெற்ற ஓவியர் வந்து வரைந்து காட்டினால், 'அவருக்கு அது கைவந்த கலை' என்று சொல்லிவிட்டு எழுந்து போவோம். கூட நாற்று நடுகிறவள் அதே கோட்டை இழுத்துக் காட்டினால், 'இவளுக்கு வருதே, எனக்கு வராதா?' என்று கை தானாக நீளும். கூச்சம் போனபிறகு பழகுவோம் என்று காத்திருந்தால் கூச்சமும் போகாது, பழக்கமும் வராது.

அடுத்து, பட்டறைக்கு வராமலே போகிறவர்கள். வந்தவர்களுக்கு நம்பிக்கை வளர்ந்தது என்று எதிரணி கணக்கு வைக்கிறது. வராதவர்கள் எந்த ஏட்டில் இருக்கிறார்கள்? நம் காவிரி டெல்டாவில் ஆள் எங்கே நழுவுகிறார் என்று சொல்கிறேன்.

இடம். கோயில் மண்டபம் விசாலம், நிழல், மின்விசிறி, காசும் கிடையாது. ஆனால் அந்தப் படியில் ஏறாமல் நின்று பழகிய கால்கள் சில தெருக்களில் இன்னும் இருக்கின்றன. 'எல்லாரும் வரலாம்' என்று ஒலிபெருக்கியில் கூவினாலும் அந்தக் கால் ஏறாது. பள்ளிக்கூடம், கிளை நூலகம், பொதுக்களம், இந்த மூன்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும். நம் ஊர்க் கட்டடங்கள் பலவற்றில் சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம் கட்டியிருக்கிறார்கள்.

காலம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அதன் பின்னாலேயே சம்பா, தாளடி. நடவு, களை என்று பெண்கள் கைக்கு ஓய்வு இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பட்டறை வைத்தால் மழையில் பசை காயாது, பூஞ்சை பூக்கும். தை, மாசியில் அறுவடை. ஆக, பங்குனி முதல் வைகாசி வரைதான் நமக்கு. அதிலும் சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்துவிட வேண்டும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் கடைசி பஸ் போய்விட்டால் இலவசத்தை வைத்துக்கொண்டு நடக்கவா முடியும்?

வருகைப் பதிவேடு. சின்ன விஷயம் போலத் தெரியும். வாசலில் மேசை போட்டு 'கையெழுத்துப் போடுங்கள்' என்கிறோம். முன்னால் நிற்கும் கல்லூரிப் பிள்ளை சரசரவென்று போடுகிறாள். பின்னால் நிற்கும் பெரியவர் கட்டை விரலை மையில் அமுக்க வேண்டும், அதுவும் இருபது பேர் பார்க்க. தன்னம்பிக்கை வளர்க்க வந்த இடத்தில் அது முதல் நிமிடமே செத்துப் போகிறது. இதற்கு மாற்று உண்டு. கையெழுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் தங்களுக்கென்று ஒரு சிறு படம் போட வேண்டும்: ஒரு மீன், ஒரு நெற்கதிர், ஒரு சைக்கிள். பட்டறை நடக்கும் எட்டு வாரமும் அதுதான் அவர் கையெழுத்து.

டீ. ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், ஒரே அண்டாவில் கழுவல். 'பேப்பர் கப் வாங்கிவிட்டால் வேலை மிச்சம்' என்பார்கள். பேப்பர் கப் வந்தபிறகு இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். யார் குடித்த டம்ளரில் யார் குடிப்பது என்ற கேள்வியைக் குப்பைத்தொட்டியில் போட்டோமே தவிர, அதற்குப் பதில் சொல்லவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். 24 பேர், 12 ஒட்டுப்பலகைகள், ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். சேர்த்து வைத்தால் நாலடிக்கு மூன்றடி. அதில் ஊரின் வரைபடத்தைத் தஞ்சாவூர் ஓவிய முறையில் செய்வது. ஆளுக்கொரு பிள்ளையார் செய்து வீட்டுக்கு எடுத்துப் போகட்டும் என்பது எதிரணியின் பட்டறை. இது எங்கள் பட்டறை.

முதல் நாள் நாலடிக்கு மூன்றடிப் பழுப்புத்தாளில் ஊரை வரைய வேண்டும். இங்கேதான் பாதிப் பட்டறைகள் கவிழ்கின்றன. பென்சில் முதலில் யார் கைக்குப் போகிறதோ அவர் நடுவில் கோயிலைப் போடுவார், நான்கு வீதியைப் போடுவார், குளத்தைப் போடுவார். காலனி வரும்போது தாள் முடிந்திருக்கும். வேண்டுமென்று செய்வதில்லை, அவர் கண்ணில் ஊர் என்றால் அவ்வளவுதான். மாற்று வழி, தண்ணீரிலிருந்து தொடங்குவது. தலைமடையில் பென்சிலை வைத்து, வாய்க்கால் போகிற வழியெல்லாம் கோட்டை இழுத்துக் கடைமடையில்தான் நிறுத்த வேண்டும். வாய்க்கால் எந்தத் தெருவையும் தாண்டிக் குதிக்காது. அதன் இரு கரையிலும் தெருக்களை வைத்துக்கொண்டே வந்தால் தாளுக்கு வெளியே எவரும் விழமாட்டார்.

ஜோடி சேர்ப்பது சீட்டுக் குலுக்கித்தான். விருப்பத்துக்கு விட்டால் அந்தந்தத் தெரு அந்தந்தப் பாயில் உட்காரும். 'குடவோலை கண்ட சோழர் மண், சீட்டுக்கு என்ன கூச்சம்' என்று பெருமை பேசலாம். ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கொஞ்சம் படித்தால், பொதுவாகக் கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தவர் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது என்று தெரியும். நம் குடத்தில் 24 பெயரும் விழ வேண்டும். நடவுக்கு வந்து ஊரிலேயே தங்கியிருக்கும் வங்காளத் தொழிலாளி பெயரும், திருநங்கை பெயரும் சேர்த்துத்தான்.

பலகையில் காடாத்துணியை ஒட்டி, சாக் பவுடரும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, படத்தை கார்பன் வைத்து இறக்கியபின் வருவதுதான் மக்கு வேலை. எத்தனை பிள்ளைகளை வகுப்பில் 'மக்கு, மக்கு' என்று திட்டியிருக்கிறோம்! தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் கிரீடமும் புடைத்து நிற்கிறதே, அதற்குப் பெயரும் மக்குதான். அந்த மக்குக்கு மேலேதான் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, ஒட்டுகிறார்கள்.

சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் தெளித்து இட்லிமாவுப் பதம். இதைக் கோனில் அடைத்துப் பிழிந்துதான் மக்கு வைப்பது. 12 பலகைக்கு ஒரு கிலோ பவுடர் தாராளம். பவுடரைப் பழைய வேட்டித் துணியில் சலிக்காவிட்டால் கட்டி போய்க் கோன் முனையை அடைக்கும். அழுத்தினால் பின்பக்கம் பிதுங்கும். பசை குறைந்தால் காய்ந்தபின் விரலில் மாவாக ஒட்டும். ஒரே தடவையில் கனமாக வைத்தால் வெடிக்கும். இரண்டு பூச்சாக, முதல் பூச்சு காய்ந்தபின்தான் அடுத்தது. சீக்கிரம் காயட்டும் என்று சித்திரை வெயிலில் வைப்பார்கள். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பலகையும் வளையும். நிழலும் காற்றும் போதும். மருதாணிக் கோன் பிடித்த கைக்கும், வாசலில் இழைக்கோலம் இழுத்த கைக்கும் இந்த வேலை பாதி தெரிந்த வேலை. அதுவரை 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று ஒதுங்கி நின்றவர், பட்டப்படிப்பு படித்தவருக்குக் கோன் பிடிக்கச் சொல்லித் தருவது இந்த இடத்தில்தான்.

ஜோடியில் ஒருவர் கோன் பிழிய, மற்றவர் பலகையைப் பிடித்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து உயரம் பார்க்க வேண்டும். இரண்டாம் பூச்சில் ஆள் மாற வேண்டும். கட்டாயம். மாற்றாவிட்டால் வாய் உள்ளவர் கையில் கோன் நிலைத்துவிடும், மற்றவர் எட்டு வாரமும் எடுபிடி.

இப்போது பலகைகளைச் சேர்த்துப் பாருங்கள். நாலாம் பலகையில் வாய்க்கால் உயரமாக ஓடி, ஐந்தாம் பலகையில் பள்ளத்தில் விழும். ஓரத்தில் கோடு தாவும். நாலாம் பலகைக்காரர் ஐந்தாம் பலகைக்காரரிடம் போய்ப் பேசியே ஆக வேண்டும். ஒருவர் சுரண்ட வேண்டும், அல்லது மற்றவர் ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது சண்டை மூண்டது. 1971-ல் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்; அடுத்தவன் துண்டு இல்லாமல் எவனும் பரீட்சை எழுத முடியாது. அடுத்தவரை நேசியுங்கள் என்று பாடம் நடத்தவில்லை. தேவைப்பட வைத்தார், அவ்வளவுதான்.

ஓரம் சேர்கிறதா என்று யார் பார்ப்பது? கண் ஏமாந்துவிடும், வெளிச்சம் நேராக விழுந்தால் மேடு பள்ளம் தெரியாது. பார்வையற்ற ஒருவர் விரலை ஓட்டினால் தாவலைச் சொல்லிவிடுவார். 12 பலகையும் அவரிடம் போய்த் தேறி வர வேண்டும் என்று வைத்தால், 'பாவம், அவரையும் உட்கார வைத்தோம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. காது கேளாதவருக்கு வேண்டியது வேறு: ஆசிரியர் குனிந்துகொண்டே பேசக் கூடாது, செய்து காட்டிவிட்டு நிமிர்ந்து பேச வேண்டும், சைகை மொழிபெயர்ப்பாளர் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பொன்னிக்குப் பொன் வேண்டாமா என்றால், வேண்டும். ஆறு வாய்க்கால் எல்லாம் ரேக்குதான். அசல் ரேக்கு ஊருக்குக் கட்டுபடியாகாது; செயற்கை ரேக்கு போதும். அது பித்தளை, ஈரக்காற்றில் கறுக்கும், மேலே வார்னிஷ் கொடுத்துவிட வேண்டும்.

கடைசி நாள் எதிரணி கொண்டுவருவது முதல் பரிசு. 24 பேரில் ஒருவருக்குக் கேடயம் கொடுத்து, 23 பேரைக் கைதட்ட வைத்து அனுப்புவதற்குப் பெயர் தன்னம்பிக்கையாம்! அதற்கு முன் ஒன்றேகால் மணி நேரம் பொன்னாடை. எங்கள் பட்டறையில் பரிசு இல்லை. பலகைகளைப் பஸ் நிற்கும் இடத்துச் சுவரில் ஏற்றி, கீழே அகர வரிசையில் 24 பெயர், ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் அவரவர் மீன், கதிர், சைக்கிள். எழுத்துத் தெரியாதவரும் பேரப்பிள்ளைக்குத் தன் பெயர் எது என்று காட்டலாம்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். எதிரணிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அவரவர் செய்தது அவரவருக்கு என்கிறீர்கள். சரி, சுவரிலிருந்து உங்கள் பலகையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். தலைமடையில் இறங்கிய வாய்க்கால் அந்த ஓரடி ஓட்டையைத் தாண்டிக் கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை மட்டும், அடுத்துப் பேச வருகிறவர் சொல்லிவிட்டு உட்காரட்டும். நன்றி, வணக்கம்.