இரண்டு சவரன் எடையில் ஒரு குண்டு

வணக்கம் நேயர்களே. 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி கையைக் காட்டினால் முடித்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் ஐடஹோ என்றொரு மாநிலம். மலையும் ஆறும் உருளைக்கிழங்கு வயலும். அங்கே ஒரு வார்ப்புப் பட்டறையில் 22 ஆண்டுகள் உலோகவியல் வேலை பார்த்தேன். பகலில் இரும்பு, மாலையில் வீட்டுக் கொட்டகையில் ஈயம். பெரிய வாய் ரிவால்வர்களுக்கான தோட்டாக்களை நானே கையால் நிரப்புவேன். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெடிமருந்து எவ்வளவு போட வேண்டும் என்ற கணக்கும் இன்று என் வாயிலிருந்து வராது. அதை அச்சிட்ட கையேட்டில் பார்க்க வேண்டும், காதால் கேட்டுச் செய்யக் கூடாது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள். அதில் பித்தளைக் கூடு, அடியில் தீப்பற்ற வைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு என்று நான்கு உண்டு. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டும்தான். கூடு நம்மிடமே தங்கிவிடுகிறது. நான்கில் விலை கூடிய சாமான் அந்தக் கூடுதான், அதைப் பத்துப் பதினைந்து முறை திரும்ப நிரப்பலாம். காலி சோடாப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காசு மிச்சமாகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆகாது, அதே காசுக்கு அதிகமாகச் சுடுவோம். கையால் நிரப்புவதற்குக் காரணம் வேறு. கடையில் கிடைக்கும் தோட்டா எல்லார் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. நான் செய்வது என் துப்பாக்கிக்கு. கடைச் சட்டைக்கும் தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம். இந்த அளவு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதுதான் என் பைத்தியம்.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்மர் கீத். 1899இல் பிறந்து 1984இல் மறைந்தவர். ஐடஹோவில் சால்மன் என்ற ஊர்ப்பக்கம் வாழ்ந்த மாட்டுக்காரர், வேட்டை வழிகாட்டி, பிறகு எழுத்தாளர். பெரிய தொப்பி, வாயில் சுருட்டு. சிறுவனாக இருந்தபோது மிசூலா என்ற ஊரில் ஒரு விடுதி தீப்பிடித்து உடம்பெல்லாம் வெந்து பிழைத்தவர். அதற்குப் பிறகும் அவர் நெருப்பும் மருந்துமாகவே வாழ்ந்தார் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

1925, ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திர தினம். நம் ஊரில் தீபாவளி விடியலில் முதல் சரத்தை யார் கொளுத்துவது என்று போட்டி வருமே, அதே மனநிலை. கீத் தன் பழைய .45 கோல்ட் ரிவால்வரை எடுத்துக்கொண்டு காலையிலேயே வானத்தைப் பார்த்துச் சுடுகிறார். உள்ளே இருந்தது சாதாரணத் தோட்டா கிடையாது. 300 கிரெய்ன், அதாவது 19 கிராம் சொச்சம் எடையுள்ள ரைஃபிள் குண்டு, அடியில் கூடு நிறையக் கரிமருந்து. அவரே நிரப்பியது. ஒரு சத்தம், காது அடைத்துவிட்டது. கையில் பார்த்தால் சிலிண்டரின் மேல்பாதியைக் காணோம். மேலே இருக்கும் இரும்புப் பட்டையும் போய்விட்டது. மனிதருக்குக் கை மிச்சம்.

வேறு யாராக இருந்தாலும் துப்பாக்கியைக் கிணற்றில் போட்டிருப்பார்கள். கீத் உட்கார்ந்து யோசித்தார். சிலிண்டர் ஒரு உருளை, அதில் ஆறு துளைகள். இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டின் அளவை மாற்றாமல் குழிகளை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்? குழிக்கும் குழிக்கும் நடுவே தகடு மெலியும். .45, .44 என்பதெல்லாம் அங்குலத்தில் துளையின் உத்தேச அளவு. .45 துளை பெரியது, அதனால் சுவர் மெலிது. அதே உருளையில் .44 துளை போட்டால் சுவர் கொஞ்சம் தடிக்கும். அந்தக் ‘கொஞ்சம்’தான் கீத்தை .44 ஸ்பெஷல் பக்கம் திருப்பியது. அடுத்த முப்பது வருஷம் அந்த மனிதர் வேறு பேச்சே பேசவில்லை.

.44 ஸ்பெஷல் 1907-08 வாக்கில் வந்த தோட்டா. கம்பெனிகள் அதை மிக மென்மையாகவே நிரப்பின. பழைய துப்பாக்கிகளும் புழக்கத்தில் இருந்ததால் பயம், நியாயமான பயம். கீத் வீட்டில் அதைவிடப் பலமாக நிரப்பினார், சுட்டார், பத்திரிகையில் எழுதினார், கம்பெனிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். கடைசியில் 1955இன் இறுதியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியையும் ரெமிங்டன் தோட்டாவையும் செய்தார்கள். அதுதான் .44 மேக்னம். கூட்டை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமாக்கினார்கள். ஏன் தெரியுமா? புதிய பலமான தோட்டா பழைய .44 ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் நுழையவே கூடாது, அதற்காகத்தான். எனக்குப் பிடித்த பொறியியல் இதுதான். எச்சரிக்கைப் பலகை எழுதாமல் பூட்டையே மாற்றிவிட்டார்கள்.

அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. .44 மேக்னத்துக்கு அனுமதித்த உச்சம் 36,000 பவுண்டு. 2,400 குக்கர்! .45 கோல்ட்டுக்கு அந்த வரம்பு 14,000தான். வாய் பெரியது என்பதால் பலம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கீத் அந்த மேக்னத்தால் 600 கஜத் தொலைவில், வேறொருவர் காயப்படுத்திவிட்ட மானைச் சுட்டதாக எழுதினார். சாகும்வரை அதைப் புளுகு என்று சொன்னவர்கள் உண்டு. நான் பாதி நம்புகிறேன். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

சரி, குண்டுக்கு வருவோம். கீத் விட்டுப்போனதில் துப்பாக்கியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1920களின் கடைசியில் அவர் வரைந்து கொடுத்த குண்டு அச்சு. அதன் எண் 429421. முதல் மூன்று இலக்கம் விட்டம், 0.429 அங்குலம். .44 என்பது பெயருக்குத்தான். எடை சுமார் 250 கிரெய்ன். கிரெய்ன் என்றால் தானியம். நம் தட்டார் குன்றிமணி வைத்து நிறுத்தார், வெள்ளைக்காரர் தானிய மணி வைத்து நிறுத்தார். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 250 கிரெய்ன் 16 கிராம் சொச்சம். அதாவது இரண்டு சவரன். உள்ளங்கையில் இரண்டு சவரன் நகையை வைத்துப் பாருங்கள், அந்தக் கனம்தான்.

அந்தக் குண்டின் மூக்கு கூர்மையாக இருக்காது, தட்டையாக இருக்கும். மூக்குக்குக் கீழே ஒரு கூரான தோள். பழைய கண்டக்டர் டிக்கெட்டில் பஞ்ச் போடுவாரே, அதுபோலக் காகித இலக்கில் வட்டமாக வெட்டும். உருண்டை மூக்குக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டை எங்கே என்றே தெரியாது. விலங்கிலும் அதே கதை. ரிவால்வர் குண்டின் வேகம் ரைஃபிள் குண்டின் வேகத்தில் பாதிகூட வராது. அதனால் வேகத்தை நம்பக் கூடாது. எடையையும் தட்டை மூக்கையும் நம்ப வேண்டும்.

குண்டு எதில் வார்ப்பது? ஈயத்தில். ஆனால் எந்த ஈயத்தில்? நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதே, அது இந்த ஈயமே கிடையாது. அது வெள்ளீயம். என் சின்ன வயதில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது" என்று தெருவில் ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, பித்தளை அண்டாவின் உள்புறத்தைத் துணியால் ஒரு இழுப்பு. வெள்ளி மாதிரி ஆகிவிடும். அவர் பின்னாலேயே போய் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். நான் உலோகவியல் படித்ததற்கு அவர்தான் காரணம். அவர் பூசியதும் வெள்ளீயம்தான். கறுப்பு ஈயம் நஞ்சு, அது சமையல் பக்கமே வரக் கூடாது. கீத் 16 பங்கு கறுப்பு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தார். வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய ஈயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஒழுங்காக ஓடிப் போய் நிரம்பும். ஆன்டிமனி சேர்த்தால் இன்னும் கடினமாகும்.

இங்கேதான் என் சண்டை. குண்டு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஒரு கம்பெனியின் மிகக் கடினமான குண்டுகளை ஐந்நூறு வாங்கினேன். ஐம்பது சுட்டேன். குழலுக்குள் பார்த்தால், குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரிகளே தெரியவில்லை, ஈயம் அப்பிக்கிடக்கிறது. இரண்டு நாள் மாலை உட்கார்ந்து சுரண்டினேன். இன்னும் கடினமான குண்டு வாங்கினேன். இன்னும் அப்பியது.

பக்கத்து நிலத்தில் ஒரு கிழவர், மாடு வளர்ப்பவர், அதிகம் பேசமாட்டார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரு மென்மையான ஈயத் துண்டை எடுத்தார். காலித் துப்பாக்கியின் சிலிண்டர் துளை வழியாக அதை மரக்குச்சியால் தள்ளினார். வெளியே வந்ததை அளந்தார். 0.431. என் குண்டை அளந்தார். 0.429. இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு, தலைமுடிப் பருமன்கூட இல்லை. ஆனால் குக்கரில் கேஸ்கெட் தேய்ந்தால் என்ன ஆகிறது? ஓரமாகப் புஸ்ஸென்று ஆவி போகிறது. மூடியை இன்னும் கெட்டியான எஃகில் வாங்கினால் நிற்குமா? நிற்காது, கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். குண்டும் அப்படித்தான். அளவு சரியில்லை என்றால் சூடான வாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை உருக்கி அறுத்துக் குழலில் பூசிவிடும். அதன்பிறகு அதைவிட மென்மையான கலவையில் 0.431 அளவில் வார்த்தேன். குழல் கண்ணாடி மாதிரி இருந்தது. இன்னொரு முறை சொல்கிறேன், எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: முதலில் அளவு, கடினம் அதற்கப்புறம்தான். இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நண்பர்களை இழந்திருக்கிறேன்.

தம்பி மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். நிறைய மிச்சம் இருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன்.

மூக்கில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு பற்றிக் கேட்பீர்கள். கல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பெயரில்தான் விரியும் குண்டுகள் உலகெங்கும் பேர் வாங்கின, 1890களில் அங்கிருந்த ஆயுதச் சாலையால். 1899 ஹேக் மாநாடு போரில் அவற்றைத் தடை செய்தது. வேட்டையில் மானுக்கு விரியும் குண்டு சரி. கரடி உள்ள காட்டுக்குப் போகிறவர்கள் விரியாத, கனமான, தட்டை மூக்குக் குண்டுதான் வைத்துக்கொள்வார்கள். அது ஆழமாகப் போக வேண்டும்.

அடுத்தது ஒரு ஆபத்து, இரட்டை மருந்து. .45 கோல்ட் கூடு 1873இல் கரிமருந்துக்காகச் செய்த பெரிய கூடு. இன்றைய புகையில்லா மருந்து அடியில் துளி போலக் கிடக்கும். மறதியில் இரண்டு முறை போட்டாலும் வழியாது, சும்மா பார்த்தால் தெரியாது. அதனால் ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த பிறகுதான் குண்டு. வேலை நடுவில் போன் வந்தால் எடுக்கமாட்டேன்.

கடைசியாகக் கிரிம்ப், அதாவது கூட்டின் வாயைக் குண்டின் வரிப்பள்ளத்தில் மடித்துப் பிடிப்பது. இதற்கு ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது. ஒன்று சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். மற்ற ஐந்தில் இருக்கும் கனமான குண்டுகள் நிலைத்து நிற்கப் பார்க்கும், கூடு மட்டும் பின்னால் போகும். பஸ் திடீரென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்வோமே, அதே சங்கதி. மடிப்பு தளர்ந்திருந்தால் குண்டு மெல்ல வெளியே வந்து சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும். ஆறு போடுங்கள், ஐந்தைச் சுடுங்கள், ஆறாவதை எடுத்து நீளத்தை அளந்து பாருங்கள். மாறியிருந்தால் மறுபடி கொட்டகைக்கு. சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.