செம்பருத்தியை வரையும் காலை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் செம்பருத்தி வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி. செடியைத் திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள்: அந்தப் பூவின் ஐந்து இதழ்களும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன? பல வருஷமாகத் தண்ணீர் ஊற்றியும் எனக்கு அது தெரியாது. பென்சிலோடு உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது. ஒவ்வோர் இதழுக்கும் ஒரு விளிம்பு பக்கத்து இதழின் மேலே ஏறியிருக்கிறது, மறு விளிம்பு அடுத்த இதழின் அடியில் நுழைந்திருக்கிறது. ஐந்தும் அப்படியே சுற்றி வருகின்றன. மொட்டு, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருப்பது இதனால்தான்.

பூவைத் திருப்பிப் பார்த்தால், இதழ்களைத் தாங்கும் பச்சைப் புல்லிக்கும் வெளியே மெல்லிசாக இன்னொரு பச்சை வட்டம். புறப்புல்லி என்பார்கள். நடுவில் நீளும் குழலைச் சுற்றி மகரந்தத் தாள்கள், நுனியில் மகரந்தத்தை ஏற்கும் ஐந்து சூல்முடிகள். பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும் பூ இது. அதனால் காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

பூவைவிட இலைதான் கஷ்டம். நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இலை, கண்ணுக்கு ஒரு குறுகிய கீற்றாகத்தான் தெரியும். ஆனால் ‘இலை என்றால் இப்படி’ என்று மனதில் ஒரு வடிவம் இருக்கிறதே, கை அதைத்தான் முழுசாக வரைந்துவைக்கும். அந்த நேரம் இலையை விட்டுவிட்டு, இரண்டு இலைகளுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தை வரைந்து பாருங்கள். அதற்கு மனதில் வடிவம் கிடையாது; கண்ணை நம்புவதைத் தவிர கைக்கு வேறு வழியில்லை. இலை தானாகச் சரியாக வந்துவிடும்.

தொட்டும் பார்க்க வேண்டும். துளசித் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் நான்கு விளிம்புகள் தட்டுப்படும். புதினாவும் அப்படித்தான். இலைகள் இரண்டிரண்டாக வரும். ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்கே நிற்கும்.

ஓட்டை விழுந்த இலையைத் தள்ளிவிட்டு நல்ல இலையைத் தேடாதீர்கள். மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர் 13 வயதில் பட்டுப்புழு வளர்த்துக் கவனிக்கத் தொடங்கியவர். 1699இல் தென் அமெரிக்காவில் இருக்கும் சூரினாமுக்குக் கப்பலேறிப் போய், அங்குள்ள பூச்சிகளை அவை வாழும் செடியோடு சேர்த்தே வரைந்தார். புழு அரித்த விளிம்பும் அந்தப் படங்களில் இருக்கிறது. எனக்கு அவற்றில் பிடித்ததே அந்த விளிம்புதான்.

என் நோட்டில் ஒரு எலுமிச்சை இலை மூன்று நாள் அடுத்தடுத்து இருக்கிறது. முதல் நாள் ஓரத்தில் சின்னக் கடி. இரண்டாம் நாள் பாதி இலை. மூன்றாம் நாள் நடுநரம்பு மட்டும். அதன் மேல், பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு. மூன்று படத்துக்கும் கீழே தேதியும் நேரமும் எழுதியிருக்கிறேன்.

வணக்கம்.