சேலத்துப் பெட்டிகளில் கிடக்கும் சினிமா

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணக்கத்துக்குரிய புலவர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, அன்போடு வரவேற்ற வட்டத்தின் செயலாளர் அவர்களே, நன்றியுரைக்காகக் காத்திருக்கும் நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் கவிதையைப் பற்றி அருமையாகப் பேசிய பேராசிரியர் அவர்களே, காலையிலிருந்து பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, மைக் கட்டிய தம்பிகளே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

புலவர் ஐயாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இந்த வட்டாரத்தில் அவரிடம் தமிழ் படிக்காத குடும்பம் குறைவு. ஐம்பெருங்காப்பியம் நடத்தும்போது குண்டலகேசி வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். "மந்திரி குமாரி பார்த்திருக்கீங்களாடா? இந்தக் கதைதான் அந்தப் படம். பார்க்காதவன் ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு வா, திங்கக்கிழமை பாடம்" என்பார். சினிமாவுக்குப் போனால் முதுகில் விழும் என்றிருந்த காலம் அது. வாத்தியாரே போகச் சொன்னார் என்று வீட்டில் சொன்னால் யார் நம்புவார்கள்? மாமன்ற உறுப்பினர் அம்மையாரும் ஐயாவின் மாணவிதான் என்று மேடையேறும்போதுதான் தெரிந்தது. ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் என்ற உரிமையில் அவரிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று செய்திகள் பேசுவதாகச் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். ஒன்று, எனக்குப் பிடித்த சினிமா. இரண்டு, ஈரானியப் படமும் கொரியப் படமும் நம் பிள்ளைகளை ஏன் இழுக்கின்றன. மூன்று, ஒரு படத்தைப் பற்றி எழுதுவது எப்படி.

முதலில் பிடித்தது. கதாநாயகனைவிட அவன் பக்கத்தில் நிற்கிறவர்தான் என் கண்ணில் முதலில் படுவார். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்வாரே, அந்தக் காட்சி நினைவிருக்கிறதா? நாகேஷ் வாயாலேயே சத்தமெல்லாம் கொடுத்து அமர்க்களப்படுத்துவார். எல்லோரும் நாகேஷைப் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். நீங்கள் அடுத்த தடவை அப்பாவாக வரும் பாலையாவை மட்டும் பாருங்கள். அவர் செய்வதெல்லாம் கதை கேட்பதுதான். எஸ்டேட் முதலாளி, ஊரையே மிரட்டுகிற மனிதர், கதை போகப்போக நாற்காலியிலேயே ஒடுங்கிப்போகிறார். பேய் அங்கே இல்லை, அந்த முகத்தில் இருக்கிறது. கேட்பதையே நடிப்பாக்கியவர் டி.எஸ்.பாலையா. இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்லுவேன்.

அடுத்து, 1954-இல் வந்த எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்'. பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்தில் ஒரு பாட்டுகூட இல்லாமல் ஒரு படம்! அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அப்புறம் 1988-இல் வந்த 'வீடு'. பாலு மகேந்திராவின் படம். அரைகுறையாக எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார் தாத்தா, சொக்கலிங்க பாகவதர். வசனம் இல்லை. பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். சொந்த வீடு என்ற சொல்லுக்குத் தமிழ் சினிமாவில் அந்தக் கைக்கு மேல் விளக்கம் கிடையாது.

அந்தப் படத்தின் நெகட்டிவ், அதாவது பிரதிகள் எடுக்கும் மூலப் பிலிம், இன்று இல்லை. பாலு மகேந்திராவே இதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார். 'சந்தியா ராகம்' நெகட்டிவும் போய்விட்டது என்றார். தமிழ் சினிமாவுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், 2014-இல் கண்ணை மூடிவிட்டார்.

எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும்: "கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரமா?" நெல்லு மழையில் நனைந்த பிறகு தார்ப்பாய் தேடினாலும் சொல்லும், பேரன் பரீட்சையில் கோட்டைவிட்ட பிறகு கோயிலுக்குப் போனாலும் சொல்லும். சினிமாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதன் குரல்தான் கேட்கிறது.

'மந்திரி குமாரி' என்றேனே, அதைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். இது நம் ஊர்ப் படம். 1950-இல் நம் சேலத்து ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. எல்லிஸ் ஆர்.டங்கனும் டி.ஆர்.சுந்தரமும் இயக்கம், கலைஞர் வசனம். நான் சிறுவனாக இருந்தபோது கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு டென்ட் கொட்டாயில் இதை மறுபடி போட்டார்கள். ஒரே பிரின்ட், இரண்டு கொட்டகை. டவுனில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும் ஒரு பையன் அதை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பறந்து வருவான். இங்கே ஆபரேட்டர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

அன்றைக்கு ஆடி மாசம். சேலத்துக் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை, அலங்கார வண்டிகளின் ஊர்வலம். உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஊரே ரோட்டில் நிற்கும். எங்கள் கொட்டாயில் படம் பிரமாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. "வாராய் நீ வாராய்" பாட்டு. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, அந்தப் பாவி பார்த்திபன் பெண்டாட்டியை மலை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். கொல்லத்தான் கூட்டிவந்தேன் என்று சொல்லிவிடுகிறான். அவள் சாவதற்கு முன் உங்களைச் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள். டப்பென்று திரை வெள்ளையாகிவிட்டது! ரீல் முடிந்தது. அடுத்த ரீல் வரவில்லை.

முதலில் விசில். அப்புறம் சத்தம். ஆபரேட்டர் ஸ்லைடு போட்டார், ஜவுளிக் கடை விளம்பரம். அது முடிந்து பல்பொடி. அப்புறம் முதலில் காட்டிய நியூஸ் ரீலையே திரும்பப் போட்டார். அணைக்கட்டில் தண்ணீர் திறக்கிறார்கள், மறுபடியும் திறக்கிறார்கள். மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, "அட, நான் சொல்றேன் கேளுங்க, அவ என்ன பண்ணுவா தெரியுமா" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், நாலாபுறமும் "சொல்லாத ஆத்தா! சொல்லாத!" என்று கூச்சல். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். முறுக்கு விற்கிற பையனுக்கு மட்டும் நல்ல வியாபாரம். முதலாளி வந்து காசைத் திருப்பித் தருகிறேன் என்றார். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. "காசு யாருக்கு வேணும்? அந்தப் பொண்ணு பொழைக்குதா இல்லையா, அதைக் காட்டு" என்றார் ஒரு பெரியவர்.

கடைசியில் வந்தான் அந்தப் பையன். சைக்கிளைக் குகையிலேயே யார் வீட்டுத் திண்ணையிலோ போட்டுவிட்டு, ரீல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடி வந்திருக்கிறான். சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர். அவனுக்கு எழுந்த கைதட்டல் எம்.ஜி.ஆருக்கு எழவில்லை. ஒருத்தர் சோடா உடைத்துக் கொடுத்தார். விளக்கு அணைந்தது. பெண்டாட்டியாக நடித்த மாதுரி தேவி பார்த்திபனைச் சுற்ற ஆரம்பித்ததும் கொட்டாயே எண்ணியது: "ஒண்ணு!... ரெண்டு!... மூணு!" அவள் தள்ளியபோது எழுந்த சத்தம் டவுனுக்கே கேட்டிருக்கும்.

அந்த ஆபரேட்டரைச் சில ஆண்டுகளுக்கு முன் போய்ப் பார்த்தேன். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். எந்தப் படம் என்று எழுதியிருந்த தாள் கரைந்துபோயிருந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த காடியின் நெடி மூக்கில் ஏறியது. பிலிம் வெயிலில் காய்ந்த அப்பளமாக வளைந்து சுருங்கியிருந்தது. ஒரு துண்டை மெல்லப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்துத் துளைகளுக்குப் பக்கத்தில் ஒலிக்கோடு ஓடுகிறது. கட்டத்துக்குள் ஒரு பெண்ணின் முகம், பாதி இருக்கிறது, பாதி உருகியிருக்கிறது. யார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் இந்த நெடிதான் வரும். அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும். அதற்கும் முந்தைய நைட்ரேட் பிலிமோ தீப்பிடித்தால் அணைக்கவே முடியாது. 2003 ஜனவரியில் புனேத் திரைப்படக் காப்பகத்தின் தீவிபத்தில் எரிந்துபோனவை அந்த நைட்ரேட் படங்கள்தான்.

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-லேயே வந்துவிட்டது. பி.கே.நாயர் என்ற மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பெட்டிகளைத் தேடிச் சேர்த்தார். அவர் கைக்கு வருவதற்கு முன்பே போனவை எத்தனை! நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் 'கீசக வதம்' இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. அதில் நடித்த டி.பி.ராஜலட்சுமியே பின்னாளில் இயக்கிய 'மிஸ் கமலா'வும் இல்லை. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்', 1938, அதை எடுத்ததும் நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ்தான். அதுவும் இல்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்கிறதே, அதற்காகக் கழுவி விற்றிருக்கிறார்கள் ஐயா! இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா'வுக்கே அந்தக் கதிதான் என்று நாயர் சொல்லியிருக்கிறார். பாட்டுப் புத்தகத்தை ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூரில் சேர்த்து வைத்தார். தகவலையும் ஸ்டில்லையும் பிலிம் நியூஸ் ஆனந்தன் சேர்த்து வைத்தார். படத்தை யார் சேர்த்து வைப்பது? கண்ணு கெட்ட பின்னால் சூரிய நமஸ்காரமா?

புலவர் ஐயா முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். குண்டலகேசி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மிஞ்சின, கதையை நீலகேசி உரை வழியாக அறிகிறோம். ஏடு போய்விட்ட அந்தக் கதைதான் படமாகி எங்கள் கொட்டாயில் ஓடியது. அந்தப் பிலிமையும் கறையான் தின்ன விட்டால் ஒரே கதையை இரண்டாம் முறை தொலைத்தவர்களாவோம். ஏடு தேடிய உ.வே.சா.வை எல்லோருக்கும் தெரியும். 1880-இல் கும்பகோணத்தில் அவரைச் சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர் யார்? முன்சீப்பாக இருந்த இராமசாமி முதலியார். எந்த ஊர் இராமசாமி முதலியார்? சேலம் இராமசாமி முதலியார்! ஏடு தேட ஒருவரைத் தூண்டிய ஊர், படம் தேடவும் முதலில் எழ வேண்டும்.

ஈரானியப் படம், கொரியப் படம், விமர்சனம் என்றெல்லாம் சொன்னேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிள்ளைகள் அந்த நாட்டுப் படங்களைத் தாராளமாகப் பார்க்கட்டும், எனக்கும் பிடிக்கும். நம்முடையதைப் பார்க்க நம்மிடம் இருக்க வேண்டும், இப்போது அது அவசரம்.

மாமன்ற உறுப்பினர் அம்மையாரிடம் என் கோரிக்கை இதுதான். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பிறந்த இடம். அந்த ஊரில், ஈரம் புகாத, குளிரூட்டிய ஓர் அறை வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று திரைப்பட ஆவணக் காப்பகம் அமைக்கச் சொல்லி மாமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மாநகரத்துத் தீர்மானம் கோட்டைக்குப் போனால் அதற்கொரு எடை உண்டு.

மற்றவர்களிடம்: வாசலில் மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய கொட்டகைக்காரர் வீட்டிலோ ரீல் பெட்டி இருந்தால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள், பிலிமை இழுத்துப் பிரிக்காதீர்கள். நூலகரிடம் பெயரும் தெருவும் சொல்லிவிட்டுப் போங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம். பாட்டுப் புத்தகம், போஸ்டர், எதுவானாலும் சரி. நன்றி, வணக்கம்.